மாநகராட்சிப் பணத்துல வீட்டு வாசலுக்கு கேமரா: நம்ம வார்டுல கேக்கலாமா?

ஃபேஸ்2_செயலாளர் | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி ஃபேஸ் 2ல எங்க தெரு சங்கத்துக்கு நான் செயலாளர். வேற யாரும் ஒத்துக்கல, அதனால நான்.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போயிட்டு ராத்திரி திரும்பின ஒரு குடும்பம், பின்கதவு பூட்டு உடைஞ்சு கிடக்கிறதைப் பார்த்தாங்க. ரெண்டரை சவரன், ஒரு லேப்டாப், சின்னப் பொண்ணோட உண்டியல் வரைக்கும் போச்சு. அதே வாரம் நாலு வீடு தள்ளி ஒரு பைக். தெருவுல மொத்தம் 42 வீடு. அன்னையிலருந்து ராத்திரி நாய் குலைச்சா 42 வீட்லயும் லைட் எரியுது.

சங்கக் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, "வெளிநாட்ல வீட்டுக்கு கேமரா வாங்க நகராட்சியே காசு கொடுக்குது. நாம மட்டும் வரி கட்டலையா? அடுத்த பகுதி சபைக் கூட்டத்துல தீர்மானம் போட்டு, மாநகராட்சி நிதியிலருந்து வீட்டுக்கு ஒரு கேமரா கேப்போம்"னார். கைதட்டல். மனு எழுதற வேலை வழக்கம்போல என் தலையில.

எனக்குத்தான் கை ஓட மாட்டேங்குது. 2018 வாக்குல சென்னையில ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனரா இருந்தப்போ "மூன்றாவது கண்"ணுன்னு ஊர் முழுக்க கேமரா வைக்கச் சொன்னாரே, அந்த வேகத்துல நாங்களும் வீட்டுக்கு 1,500 ரூபா வசூல் பண்ணி எட்டு கேமரா போட்டோம். படம் பதிவாகிற பெட்டி ஒரு மளிகைக் கடை மாடியில. பைக் போன மறுநாள் போய்ப் பார்த்தா எட்டுல ரெண்டுலதான் படம் வருது. ஒண்ணுல தெரியறது சிலந்தி வலை. இன்னொண்ணு சரியா பைக் நின்ன பக்கம்தான் பாக்குது, ஆனா பெட்டியில ஹார்ட் டிஸ்க் செத்து எத்தனை மாசம் ஆச்சுன்னே யாருக்கும் தெரியல. டிவியில படம் ஓடுது, எதுவும் பதிவாகல.

எட்டையே காப்பாத்தத் தெரியாத நாங்க இப்போ 42 கேக்கப் போறோம். கேக்கலாமா? கேட்டா என்னன்னு கேக்கணும்?

முத்துமண்டபம் | 9:22

நிக்க வெச்ச பைக்கை நகத்தாம சக்கரத்தோட சேத்து சிமெண்ட் ரோடு போட்ட ஊர் சார் இது. 2022ல இந்தியா பூரா சிரிச்சுது. கேமரா குடுத்தா கான்ட்ராக்டர் சுவத்தைப் பாத்து மாட்டிட்டுப் போயிகினே இருப்பான்.

ஃபேஸ்2_செயலாளர் | 9:25

அந்த மாதிரி ரோடு எங்க தெருவுல போட்டிருந்தா பைக்காவது மிஞ்சியிருக்கும்.

காட்பாடி_டூ_மேரிலாண்ட் | 9:58

செயலாளர் சார், உங்க கூட்டத்துல சொன்னது கட்டுக்கதை இல்ல. நான் இருக்கிறது வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்துல. அங்க 2016லருந்து இது நடக்குது. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி யாரும் வந்து மாட்டிட்டுப் போறதில்ல. வீட்டுக்காரர் முதல்ல தன் காசுல வாங்கி மாட்டணும். ரசீதைக் காட்டினா, ஆரம்பிச்ச புதுசுல ஒரு கேமராவுக்கு 200 டாலர் வரைக்கும், ஒரு வீட்டுக்கு மொத்தம் 500 டாலர் வரைக்கும் திருப்பித் தந்தாங்க. முன்பணம் போட வழியில்லாம அரசு உதவியில வாழறவங்களுக்குத் தனியா வவுச்சர் உண்டு. கேமரா வீட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கணும், போலீஸ்ல பதிவு பண்ணணும்.

பதிவுங்கிற வார்த்தையை இங்க நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. "இந்த முகவரியில கேமரா இருக்கு"ன்னு போலீஸுக்குத் தெரியும், அவ்வளவுதான். படம் நேரா ஸ்டேஷனுக்குப் போகாது. ஏதாவது நடந்தா வந்து கேப்பாங்க, நீங்க எடுத்துக் குடுக்கணும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். காலிங்பெல் கேமரா விக்கிற ரிங் கம்பெனியை 2018ல அமேசான் வாங்கிச்சு. போலீஸ் அந்த ஆப் வழியாவே தெருக்காரங்ககிட்ட வீடியோ கேக்கிற வசதி இருந்தது. பெரிய சண்டை நடந்து 2024 ஜனவரியில அதை எடுத்துட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம், கம்பெனி ஆளுங்களே வாடிக்கையாளர் வீட்டுக்குள்ள எடுத்த வீடியோவைப் பார்த்தாங்கன்னு கேஸ் ஆகி, 58 லட்சம் டாலர் கட்டி முடிச்சாங்க. திருடனைப் பாக்க வெச்சது, வெச்சவங்க வீட்டையே பாத்துது.

பலன் இருக்கான்னு கேட்டா, இருக்கு, நினைக்கிற அளவு இல்ல. 40 வருஷத்து ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து 2019ல ஒரு கட்டுரை வந்தது. கேமரா வெச்ச இடங்கள்ல குற்றம் சராசரியா 13 சதவீதம் குறைஞ்சிருக்கு. வண்டி நிறுத்துமிடங்கள்ல 37. குடியிருப்புப் பகுதியில 12. அடிதடி, கத்திக்குத்து மாதிரி விஷயத்துல சொல்லிக்கிற மாதிரி மாற்றமே இல்ல. யாராவது உக்காந்து பாத்துக்கிட்டே இருந்த இடத்துல பலன் அதிகம்.

ஃபேஸ்2_மூணாவது_கிராஸ் | 10:15

செயலாளர் சார், மனு எழுதச் சொன்னா இங்க பட்டிமன்றம் நடத்துறீங்க. பைக் போனது என்னுது. இன்னும் 19 இஎம்ஐ பாக்கி. உங்களுக்கெல்லாம் இது பொழுதுபோக்கு, எனக்கு மாசம் அஞ்சாம் தேதி பேங்க்லருந்து மெசேஜ் வரும். 12 சதவீதமோ 2 சதவீதமோ, இருக்கட்டுமே. ஒண்ணுமே இல்லாததுக்கு அது மேல்தானே?

ஃபேஸ்2_செயலாளர் | 10:19

தம்பி, கோபம் நியாயம்தான். மனு எழுத மாட்டேன்னு சொல்லல. எழுதினா உருப்படியா எழுதணும்.

பிஎன்சி_பின் | 10:47

14 வருஷமா வேலூர்லருந்து ஆம்பூர் வரைக்கும் கேமரா மாட்டற ஆள் நான். 42 ஆர்டர் வந்தா எனக்கு நல்லதுதான், இருந்தாலும் உள்ளதைச் சொல்றேன்.

ஜனங்க கடையில வந்து "வைடா தெரியறதா குடுங்க"ன்னுதான் கேப்பாங்க. 2 எம்பி (மெகாபிக்சல்) கேமரா, 2.8 எம்எம் லென்ஸ். தெரு பூரா தெரியும், மாட்டின அன்னைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா முன்னப்பின்ன தெரியாத ஒரு மூஞ்சியை "இவன்தான்"னு உறுதியாச் சொல்லணும்னா ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளியாவது படத்துல வேணும். 2 எம்பி படத்தோட அகலமே 1920 புள்ளி. வகுத்துப் பாருங்க, ஏழே முக்கா மீட்டர் அகலம்தான் தாங்கும். 2.8 லென்ஸ் அந்த அகலத்தை மூணு மீட்டர் தூரத்துலயே தொட்டுடும். உங்க கேட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னா மூஞ்சி. ரோட்டுக்கு அந்தாண்ட நின்னா "சட்டை போட்ட ஒரு ஆள்". நம்பர் பிளேட்டைக் கேக்கவே வேணாம், ராத்திரி கேமராவோட ஐஆர் வெளிச்சம் (கண்ணுக்குத் தெரியாத விளக்கு) பட்டதும் வெள்ளையா எரிஞ்சுபோயிடும்.

அதனால 42 வீட்ல 42 வைட் கேமரா மாட்டினா உங்களுக்குக் கிடைக்கிறது 42 கோணத்துல ஒரே சட்டை போட்ட ஆள். தெருவுக்கு வர்ற வழி எத்தனை? மூணா? அந்த மூணு வாய்லயும் 6 எம்எம், 12 எம்எம் லென்ஸ் போட்டு குறுக்கிப் பிடிச்சா, வண்டியும் மூஞ்சியும் தனித்தனியா சிக்கும். வெயில் நேரா விழற திசையில வைக்காதீங்க. கிழக்கு பாத்த கேமரா காலையில எட்டு மணி வரைக்கும் குருடு.

அப்புறம் பெட்டி. ஒரு 2 எம்பி கேமரா ஒரு நாளைக்கு சுமார் 20 ஜிபி தின்னும். நாலு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டா 11, 12 நாள். அதுக்கு அப்புறம் பழசு மேலயே புதுசு ஏறிடும். கோடை லீவுக்கு ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்து "போன முதல் நாள் ராத்திரி என்ன நடந்துச்சு பாருப்பா"ன்னா எங்கிருந்து பாக்கிறது?

நேரம். பெட்டிக்குள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு, கைக்கடிகாரத்துல போடற மாதிரி. அது செத்தா கரண்ட் போயி வர்றப்போ தேதி எங்கியோ போய் நிக்கும். போன வருஷம் ஒரு வீட்ல செயின் பறிச்சது நல்லா பதிவாகியிருந்தது. படத்துல தேதி 2000 ஜனவரி 1. அந்தம்மா கல்யாணமே அதுக்கப்புறம்தான்.

மீட்டர் பாக்ஸ் எங்க இருக்கு உங்க வீட்ல? முன்வாசல் சுவத்துல, கைக்கு எட்டற உயரத்துல. வர்றவன் முதல் வேலையா ப்யூஸைப் புடுங்கினா கேமரா அடங்கிடும். யூபிஎஸ் இல்லாத கேமரா சுவத்துல மாட்டின பொம்மை. பாஸ்வேர்டும் நிறைய வீட்ல மாட்டின அன்னைக்கு நான் வெச்சதேதான் இன்னும் ஓடுது. மாத்துங்கப்பா. நான் நல்லவன், எல்லாரும் அப்படி இல்ல.

2025 ஏப்ரல்லருந்து மத்திய அரசு சோதனை பண்ணி சான்று தந்த கேமராதான் விக்கணும்னு விதி வந்திருக்கு. டெண்டர்ல பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பாப்பாங்க. மனுவுல அந்த ஒரு வரியைச் சேத்துக்கங்க.

வேலப்பாடி_மாடி | 11:20

எல்லாரும் திருடனையே பேசிக்கிட்டிருக்கீங்க. நான் மாடியில வாடகைக்கு இருக்கேன். நர்ஸ், ஷிப்ட் வேலை. எதிர் வீட்டு சார் ரெண்டு வருஷம் முன்னாடி கேமரா மாட்டினார். அவர் வாசலைப் பாக்கணும்னா கீழ சாய்க்கணும். அது சாயாம நேரா எங்க மாடிப்படியையும் துணி காயப்போடற கொடியையும் பாத்துது.

முதல்ல நான் கவனிக்கவே இல்ல. ஒரு நாள் காய்கறி வண்டிகிட்ட நிக்கும்போது சொல்றார், "நேத்து ராத்திரி பதினொண்ணரை ஆயிடுச்சு போல, லேட்டா?" பக்கத்துல நாலு பேர். அக்கறையாத்தான் கேட்டார், இல்லன்னு சொல்லல. ஆனா அன்னையிலருந்து நான் படியேறும்போது துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டேதான் ஏறினேன். என் அண்ணன் வந்து ரெண்டு நாள் தங்கினப்போ, வீட்டு ஓனர் போன் பண்ணி "யாரோ ஆம்பள வந்து போறாராமே"ன்னார். ஓனர் இருக்கிறது ஓசூர்ல. அவருக்கு யார் சொன்னது?

திருப்பி வைக்கச் சொன்னேன். "பாதுகாப்புக்குத்தாம்மா, உனக்கும் நல்லதுதானே"ன்னார். மூணு மாசம். கடைசியில அந்த வீட்டு அக்காதான் ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி, விளக்குமாத்துக் கட்டையால ஒரு தட்டு தட்டினாங்க. இப்போ அது அவங்க செம்பருத்திச் செடியைப் பாக்குது.

இது அவர் காசுல வாங்கினது, சண்டை போட்டாவது திருப்பினேன். மாநகராட்சி கொடுத்ததுன்னு ஒரு சீல் ஒட்டியிருந்தா? "கவர்மெண்ட் கேமரா, கை வைக்கக் கூடாது"ன்னிருப்பார்.

முத்துமண்டபம் | 11:24

அக்கா, அந்த விளக்குமாத்துக்கு ஒரு விருது குடுக்கணும்.

பிஎன்சி_பின் | 11:31

மேடம் சொல்றதுக்கு செட்டிங்லயே வழி இருக்கு. பிரைவசி மாஸ்க்னு ஒண்ணு. எதிர் வீட்டு ஜன்னல், படி இருக்கிற இடத்தை மட்டும் கறுப்புக் கட்டமா மூடிடலாம், பதிவாகவே ஆகாது. ரெண்டு நிமிஷ வேலை. 14 வருஷத்துல அதைப் போடச் சொல்லிக் கேட்டவங்க மூணு பேர்.

ஏட்டய்யா_ஓய்வு | திங்கள், காலை 6:05

இரவு எல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் 33 ஆண்டு காக்கியில் இருந்தவன், வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் சேர்ந்தவன். அப்போது கேமரா என்றால் ஸ்டுடியோவில் இருப்பது.

கேமரா வந்த பிறகு எங்கள் வேலை மாறியது உண்மை. ஆனால் ஒரு வீட்டுக் கேமரா எங்களுக்கு அவ்வளவாக உதவாது. சத்துவாச்சாரியில் ஒருவன் பைக்கை எடுத்தால் இரண்டு திருப்பத்தில் ஹைவே. ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் கிருஷ்ணகிரி. காட்பாடி வழியாகப் போனால் பொழுது விடிவதற்குள் சித்தூர். நாங்கள் தேடுவது சங்கிலி. இந்த முனையில் 2:10, அடுத்த பெட்ரோல் பங்கில் 2:14, மேம்பாலத்துக்குக் கீழே 2:19. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. ஒரு தெருவில் நாற்பது கேமராவும் அடுத்த மூன்று தெருவில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால், தெருவை விட்டு வெளியே போனான் என்பது மட்டும்தான் தெரியும். அது கேமரா இல்லாமலே தெரியுமே.

2021 டிசம்பரில் தோட்டப்பாளையம் நகைக்கடையில் நடந்தது நினைவிருக்கும். கடை முழுக்க கேமரா. அவன் சிங்க முகமூடி போட்டுக்கொண்டு, சுவரில் ஓட்டை போட்டு வந்து, கேமராக்களின் மேல் ஸ்ப்ரே அடித்துவிட்டு 15 கிலோவுக்கு மேல் தங்கத்தை எடுத்துப் போனான். ஒரு வாரத்துக்குள் பிடித்தார்கள், ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். ஊரே பார்த்தது. கேமரா இருந்ததால் அவன் உள்ளே வராமல் இருந்தானா? இல்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், பூட்டிய வீட்டை ரோந்து போகிறவர்கள் பார்த்து பட்டா புத்தகத்தில் (ரோந்துப் பதிவேடு) கையெழுத்துப் போடுவார்கள். காசு கிடையாது. உங்கள் தெருவில் ரத்தினகிரி போன குடும்பம் சொல்லிவிட்டுப் போனார்களா? குற்றம் சொல்லவில்லை, கேட்கிறேன்.

ஃபேஸ்2_செயலாளர் | 6:40

இல்ல சார். ஒரு ராத்திரிதானேன்னு போயிருக்காங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல மட்டும் காலையிலயே சாமி போட்டோ.

கொணவட்டம்காரன் | 8:12

ஒண்ணு கேக்கறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. மாநகராட்சியில 60 வார்டு. காசு வந்தா முதல்ல யாருக்குப் போகும்? சங்கம் இருக்கிற தெரு, செயலாளர் இருக்கிற தெரு, மனு எழுதத் தெரிஞ்ச தெரு. எங்க பக்கம் சந்துல கேமரா மாட்ட வெளிச்சுவரே இல்லாத வீடு இருக்கு. அங்கயும் பைக் போகுது. போன வருஷம் எங்க மாமா டிவிஎஸ் 50 போச்சு. அவருக்கு வண்டின்னா வண்டி மட்டும் இல்ல, பழம் விக்கிற கடையே அதுதான்.

அப்புறம் உங்க தெருவுல கேமரா வந்ததும் யாரைத் தேடும்? என் தம்பி டெலிவரி வேலை பாக்கறான். ஒரு ஏரியாவுல அட்ரஸ் கிடைக்காம ரெண்டு ரவுண்டு சுத்தியிருக்கான். சாயங்காலம் அந்தத் தெரு வாட்ஸ்அப் குரூப்ல அவன் படம், "சந்தேகத்துக்குரிய நபர், உஷார்". தாடி வெச்சிருந்தான், பை வெச்சிருந்தான். பையில இருந்தது பிரியாணி. அதே தெருவுக்கு ஆர்டர் பண்ணது. யாரோ தெரிஞ்சவங்க எங்களுக்கு அனுப்பி, நாங்க போய் சொல்லி எடுக்க வெச்சோம். மன்னிப்பு கேட்டாங்க, டீ குடுத்தாங்க. ஆனா அந்தப் படம் இன்னும் எத்தனை போன்ல கிடக்குதோ.

கேமரா வேணாம்னு சொல்லல. என் கடையிலயே நாலு இருக்கு. அந்த வீடியோவை யார் குரூப்ல போடலாம், யார் போடக் கூடாதுன்னு எழுதாம வாங்காதீங்க.

ஃபேஸ்2_மூணாவது_கிராஸ் | 8:30

பாய், உங்க தம்பி விஷயம் தப்பு. நானும் அந்த மாதிரி படம் பார்வர்ட் பண்ணியிருக்கேன், யோசிச்சதில்ல.

வக்கீல்_குமாஸ்தா | 9:05

சட்டப் பக்கம் கொஞ்சம்.

எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கு முன்னாடி 65பி சர்டிபிகேட்னு சொல்லுவோம். 2024 ஜூலை 1லருந்து புது சாட்சிய சட்டத்துல அது பிரிவு 63. சர்டிபிகேட் ரெண்டு பாகம். ஒண்ணு அந்தப் பெட்டியைப் பராமரிக்கிறவர் கையெழுத்து, இன்னொண்ணு நிபுணர் கையெழுத்து. ஹாஷ் மதிப்புன்னு ஒரு நீள எண்ணும் குறிக்கணும், அப்புறம் யாரும் மாத்தலைன்னு காட்ட. அப்போ உங்க தெருவுல "பெட்டியைப் பராமரிக்கிறவர்" யாரு? மளிகைக் கடைக்காரரா? கோர்ட்டுக்கு வந்து கூண்டுல ஏறுவாரா? போன்ல டிவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பற வீடியோவை வெச்சுக்கிட்டு கேஸ் நடத்தறது ரொம்பக் கஷ்டம்.

வேலப்பாடி மேடத்துக்கு: தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017லயே உச்ச நீதிமன்றம் 9 நீதிபதிகள் அமர்வு சொல்லிடுச்சு. கல்கத்தாவுல ஒரே வீட்ல இருந்த அண்ணன் தம்பிக்குள்ள ஒரு கேஸ், ஒருத்தர் இன்னொருத்தர் சம்மதம் இல்லாம வசிக்கிற பகுதியில கேமரா வெச்சிருந்தார். கூடாதுன்னு ஹைகோர்ட் சொல்லி, 2025ல உச்ச நீதிமன்றமும் அதுல தலையிடல. உங்க கேஸ் எதிர் வீடு, அப்படியே பொருந்தாது. அதனால விளக்குமாத்தைக் கைவசம் வெச்சிருங்க.

காசு எங்கிருந்துன்னா, "நமக்கு நாமே"ன்னு 1997ல வந்த திட்டத்தை 2021ல நகர்ப்புறத்துக்குத் திரும்பக் கொண்டு வந்தாங்க. மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதி அரசு. பொது இடத்துக் காரியத்துக்குத்தான். தனி வீட்டுச் சுவத்துக்கு மாநகராட்சி காசு கேட்டா, ஆடிட்ல முதல் கேள்வியே அதுதான் வரும்.

காந்திநகர்_பாட்டி | 10:40

நான் காட்பாடி காந்தி நகரில் தனியாக இருக்கிறேன். வயது 74. மகன் பெங்களூரில். அவன் போன தீபாவளிக்கு வந்து வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று மாட்டிவிட்டுப் போனான். ஹாலில் இருந்ததை நான் கழற்றச் சொல்லிவிட்டேன். "அம்மா, ஏன் மத்தியானம் தூங்காம டிவி பார்க்கிறே" என்று ஆபீசிலிருந்து போன் செய்கிறான். எழுபது வயதுக்கு மேல் எனக்கு ஒரு ஹாஸ்டல் வார்டன் தேவையா?

ஆனால் வாசலில் இருப்பதை நான் விடமாட்டேன். நீங்கள் எல்லாரும் திருடன் பிடிபடுவானா, கோர்ட்டில் நிற்குமா என்று பேசுகிறீர்கள். எனக்குத் திருடனைப் பிடிக்க வேண்டாம். மணி அடித்தால் யார் நிற்கிறார்கள் என்று கதவைத் திறக்காமல் தெரிந்தால் போதும். கேஸ் இணைப்பு சோதனை என்று ஒருவன், ரேஷன் கார்டு சரிபார்ப்பு என்று ஒருவன். முன்பெல்லாம் திறந்துவிட்டுத்தான் பயப்படுவேன். இப்போது பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன், போய்விடுகிறார்கள்.

என் மகனுக்கு வசதி இருக்கிறது, மாட்டினான். எதிர்த் தெருவில் என்னைப் போலவே ஒரு அம்மாள் முதியோர் உதவித்தொகையில் இருக்கிறாள். அவளுக்கு யார் மாட்டுவார்கள்? அந்த அமெரிக்கத் தம்பி சொன்ன வவுச்சர் விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. 42 வீட்டுக்கும் கேட்காதீர்கள், இப்படிப்பட்ட நாலு வீட்டுக்குக் கேளுங்கள்.

காட்பாடி_டூ_மேரிலாண்ட் | 10:58

அம்மா, எங்க வீடும் காந்தி நகர்தான். எங்கம்மாவுக்கும் நான் ஹாலில் ஒண்ணு மாட்டியிருக்கேன். இன்னைக்கே எடுக்கச் சொல்லிடறேன்.

ஒண்ணு விட்டுப்போச்சு. கேமரா ஆய்வு பண்ணவங்கள்ல சிலர் தெருவிளக்கையும் ஆராய்ஞ்சிருக்காங்க. 2008ல வந்த தொகுப்புல, விளக்கு நல்லாப் போட்ட இடத்துல குற்றம் 21 சதவீதம் குறைவு. ஆச்சரியம் என்னன்னா பகல்லயும் குறைஞ்சிருக்கு. இந்தத் தெருவைக் கவனிக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே போதும் போல. செயலாளர் சார், உங்க தெருவுல விளக்கு?

ஃபேஸ்2_செயலாளர் | 11:10

பதினொண்ணுல நாலு எரியல. அதுல ஒண்ணு பைக் போன வீட்டுக்கு எதிர்ல.

மட்டுறுத்தர் | 1:15

ஸ்டேஷன் பெயர், கவுன்சிலர் பெயர் போட்டு வந்த ரெண்டு பதிவை எடுத்திருக்கேன். ஒரு கடை விளம்பரத்தையும். விவாதம் தொடரட்டும்.

ஃபேஸ்2_செயலாளர் | திங்கள், இரவு 8:30

மனு ஒரு மாதிரி வடிவத்துக்கு வந்திருக்கு. கேளுங்க.

தெருவுக்கு வர்ற மூணு வழியிலயும் பொதுக் கம்பத்துல கேமரா, நமக்கு நாமேல, மூணுல ஒரு பங்கு எங்க சங்கம். மூணு வருஷப் பராமரிப்பையும் சேத்தே டெண்டர், முழுப் பணமும் முதல் நாளே கொடுக்கக் கூடாது. பதிவு 30 நாளாவது நிக்கணும். செத்த நாலு விளக்கு முதல்ல. பக்கத்து ரெண்டு தெருவையும் சேத்துத்தான் கேக்கறோம், ஏட்டய்யா சொன்ன கண்ணிக்காக. தனியா இருக்கிற பெரியவங்க எங்க தெருவுல அஞ்சு பேர். அவங்களுக்கு மாநகராட்சி காசு வராதுன்னா சங்கக் காசுல வாசல் கேமரா. வீடியோவை ஸ்டேஷன்லருந்து எழுத்துல கேட்டாத்தான் குடுக்கிறது, குரூப்ல போட்டா 500 ரூபா அபராதம். இதுக்கு மட்டும் கூட்டத்துல சண்டை நடக்கும்னு தெரியும்.

42 வீட்டுக் கேமரா மனுவுல இல்ல. யார் வேணும்னாலும் அவங்க காசுல மாட்டிக்கலாம், எதிர் வீட்டு ஜன்னலை மறைச்சுட்டு.

கொணவட்டம்காரன் | 8:41

அபராதம் 500 பத்தாது.

ஃபேஸ்2_மூணாவது_கிராஸ் | 8:44

நான் இன்னும் வீட்டுக்கு ஒண்ணுன்னுதான் சொல்வேன். கூட்டத்துல எதிர்த்துப் பேசுவேன், முன்னாடியே சொல்லிட்டேன் சார், கோவிச்சுக்காதீங்க.

பிஎன்சி_பின் | 8:50

மனு ஆபீசுக்குப் போயி பதில் வர்றதுக்குள்ள இருக்கிற எட்டையாவது உயிர் குடுக்கலாமே. எதிர் சைடு ஒரு வேலை இருக்கு, ஞாயித்துக்கிழமை வரேன். சர்வீஸ் சார்ஜ் வேணாம், சாமானுக்கு மட்டும் குடுங்க. ஒரு ஒட்டடைக் குச்சி எடுத்து வைங்க.

ஃபேஸ்2_செயலாளர் | அடுத்த ஞாயிறு, மதியம் 1:20

தம்பி வந்து பாத்துட்டுப் போனார். செத்ததா நினைச்ச ஆறுல ரெண்டுதான் நிஜமாச் செத்தது, உள்ள தண்ணி. மீதி நாலும் நல்லாத்தான் இருக்கு, அதுக்கு கரண்ட் போற பவர் சப்ளை பிளக்கில் இல்ல. மளிகைக் கடையில பிளக் பாயிண்ட் பத்தலைன்னு அதைப் பிடுங்கிட்டு ஐஸ்கிரீம் பெட்டியைச் சொருகியிருக்காங்க. ஹார்ட் டிஸ்க் வேற, தனியா. புதுசு 2 டிபி போட்டாச்சு.

ஃபேஸ்2_மூணாவது_கிராஸ் | 1:32

சார், ஐஸ்கிரீம் பெட்டி எப்போ வெச்சாராம்?

ஃபேஸ்2_செயலாளர் | 1:40

மார்ச்ல. வெயில் ஆரம்பிச்சதும்.

ஃபேஸ்2_மூணாவது_கிராஸ் | 1:41

ஏப்ரல்ல நான்தான் அவர்கிட்ட குல்பி வைக்கச் சொன்னேன்.